பதிமூணு மார்க் கேள்வியும் பெரியப்பாவின் பண்ணைக்குட்டையும்

அஞ்சாவது செமஸ்டர் ஹைட்ராலஜி எழுதின எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். "எஸ்.சி.எஸ். கர்வ் நம்பர் முறையில் நேரடி ஓட்டத்தைக் கணக்கிடுக." பதிமூணு மார்க். ஃபார்முலாவை எழுதி, அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போட்டு, விடைக்குக் கீழே ரெண்டு கோடு போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். எஸ்.சி.எஸ். என்றால் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அந்த எக்ஸாம் முடிந்து பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சிவகங்கை மாவட்டத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. செம்மண். பெரியப்பாதான் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முந்தின கோடையில் பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து, பொக்லைன் வரச் சொல்லி ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர், ரெண்டு மீட்டர் ஆழம். ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் மழை பெய்தும் குட்டையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் நின்றதாம். தை பிறக்கும்போது அதுவும் இல்லை. பக்கத்தில் மிளகாய்ச் செடி வாடி நின்றது.

"ஆழம் பத்தலப்பா. இன்னும் ஆறடி இறக்கணும். சித்திரையில பொக்லைன் வரச் சொல்லிருக்கேன்" என்றார் பெரியப்பா. மிச்சமிருந்த நகையும் பேங்குக்குப் போகப் போகிறது என்று பெரியம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு அந்தப் பதிமூணு மார்க் கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. குட்டையை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், மேலேயிருந்து வருகிற தண்ணீர்தானே உள்ளே நிற்கும்? அப்படியென்றால் முதலில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டாமா? இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலமும், அதைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த எஸ்.சி.எஸ். யார்?

கணக்குக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த ஃபார்முலா மேல் மரியாதையே வந்தது. எஸ்.சி.எஸ். என்பது 'சாயில் கன்சர்வேஷன் சர்வீஸ்'. அமெரிக்க அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறை. 1930களுக்கு முன்னால் அங்கே புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை போட்டார்கள். தொடர்ந்து வறட்சி வந்ததும் மேல்மண் காற்றில் கிளம்பிவிட்டது. 1935 ஏப்ரல் 14 அன்று அடித்த புழுதிப் புயலில் பட்டப்பகல் இருட்டாகிவிட்டதால் அந்த நாளுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். அதே மாசம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, இந்தத் துறையும் பிறந்தது. அதன் தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். மண் போகிறது, மண் போகிறது என்று பல வருஷம் கத்திக்கொண்டிருந்த மனிதர்.

துறை வந்துவிட்டது. ஆனால் நிலம் விவசாயியுடையது. தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து "உன் நிலத்தில் இங்கே வரப்பு போடு" என்றால் யார் கேட்பார்கள்? அதனால் 1937இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். அந்தந்தப் பகுதி நில உடைமையாளர்களே சேர்ந்து ஒரு பாதுகாப்பு மாவட்டம் அமைக்கலாம், எது முதலில் செய்ய வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யலாம். அரசு தன் பங்குக்கு ஒரு தொழில்நுட்ப ஆளைக் கொடுக்கும், அவர் வயலுக்கே வந்து அளந்து வரைந்து கொடுப்பார். முதல் மாவட்டம் அதே 1937 ஆகஸ்டில் வட கரோலினாவில் பிரவுன் கிரீக் என்ற இடத்தில் வந்தது. அது பென்னட்டின் சொந்த ஊர்ப் பக்கம். இன்றைக்கு அப்படி ஏறத்தாழ 3000 மாவட்டங்கள் இருக்கின்றன. துறையின் பெயர் மட்டும் 1994இல் மாறிவிட்டது, ஆனால் நம் பாடப்புத்தகத்தில் இன்னும் பழைய பெயர்தான்.

வயலுக்குப் போகிற அந்த ஆளிடம் ஆற்றில் ஓட்டம் அளக்கிற கருவி எதுவும் இருக்காது. மண் எப்படி, பயிர் என்ன, மழை எவ்வளவு என்று மட்டும் பார்த்து, ஒரு சின்ன ஓடைக்கோ குட்டைக்கோ எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர் சொல்லியாக வேண்டும். அதற்காக 1950களில் உருவாக்கியதுதான் கர்வ் நம்பர். மண் அரிப்புக்கு நாம் படிக்கிற யூ.எஸ்.எல்.இ. சமன்பாடும் இப்படிப் பிறந்ததுதான். விஷ்மையர், ஸ்மித் என்ற ரெண்டு பேர் 1965இல் வெளியிட்டார்கள். ஆறு காரணிகளைப் பெருக்கினால் ஒரு வருஷத்தில் எவ்வளவு மண் போகும் என்று வரும். மழையையும் மண்ணின் இயல்பையும் விவசாயியால் மாற்ற முடியாது. பயிர், உழவு, வரப்பு, இதை மாற்ற முடியும். எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று உட்கார்ந்து பேசுவதற்கான சமன்பாடு அது. நாம் மனப்பாடம் செய்கிற ரெண்டும் ஒரு கிராமத்து அலுவலக மேசைக்காகச் செய்யப்பட்டவை என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

கணக்கு

ரொம்பப் பேர் மறந்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் சொல்லிவிடுகிறேன். முதலில் மண்ணால் அதிகபட்சம் எவ்வளவு பிடித்துவைக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அதைத் தேக்கம் என்று வைத்துக்கொள்வோம், மில்லிமீட்டரில்.

தேக்கம் = (25400 ÷ கர்வ் நம்பர்) − 254

பிறகு, ஒரு நாள் மழைக்கு:

ஓட்டம் = (மழை − 0.3 × தேக்கம்)² ÷ (மழை + 0.7 × தேக்கம்)

அமெரிக்கப் புத்தகத்தில் 0.3க்குப் பதில் 0.2 இருக்கும். நம் ஊர்ச் செம்மண்ணுக்கு 0.3, சில நிலைகளில் கரிசலுக்கு 0.1 என்று இந்தியப் புத்தகங்கள் சொல்கின்றன. மழை அந்த 0.3 × தேக்கத்தைத் தாண்டவில்லை என்றால் ஓட்டமே கிடையாது, பூஜ்யம். எக்ஸாமில் பலர் இதைப் பார்க்காமல் வர்க்கம் எடுத்து, இல்லாத தண்ணீரைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

மண்ணை ஏ, பி, சி, டி என்று நாலாகப் பிரிப்பார்கள். மணல் மாதிரி உடனே உறிஞ்சினால் ஏ, களி மாதிரி இறங்கவே இறங்காது என்றால் டி. எங்கள் நிலம் பி. சரிவோடு நேர்ச்சாலாக உழுது பயிர் வைத்தால் கர்வ் நம்பர் 86. அதன்படி தேக்கம் 41 மி.மீ. ஒரே நாளில் 60 மி.மீ. மழை பெய்தால் 25.5 மி.மீ. வழிந்து ஓடும். நாலு ஏக்கர் என்பது சுமார் 16,190 சதுர மீட்டர். பெருக்கினால் 413 கன மீட்டர், அதாவது நாலு லட்சத்துப் பதிமூணாயிரம் லிட்டர்.

குட்டை எவ்வளவு பிடிக்கும்? பெரியப்பா 20 × 20 × 2 = 800 என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கரை செங்குத்தாக இல்லையே. ஒன்றுக்கு ஒன்றரை சரிவு இருப்பதால் அடியில் 14 × 14தான். சர்வேயில் படித்த பிரிஸ்மாய்டல் ஃபார்முலாவைப் போட்டால் 584 கன மீட்டர் வருகிறது. மணி நேரக் கணக்கில் கூலி கொடுத்தால் பரவாயில்லை. கன மீட்டர் கணக்கில் கொடுப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

413, 584. ரெண்டு நல்ல மழை பெய்தால் குட்டை நிறைய வேண்டும். எக்ஸாம் ஹாலாக இருந்தால் இங்கே ரெண்டு கோடு போட்டிருப்பேன். "பெரியப்பா, ரெண்டு மழைக்கு ரொம்பிடும், ஆழம் பிரச்சினையே இல்ல" என்று பந்தாவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ரெண்டு மழை இல்லப்பா, ஏழு மழை பேஞ்சுச்சு. எங்க ரொம்புச்சு?"

நான் எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கு நாலு மாசம் கழித்து, மே லீவில்தான் தெரிந்தது. நடுவில் பெரியப்பாவிடம் கெஞ்சி, பொக்லைனை மட்டும் தள்ளிப்போட வைத்தேன்.

டியூப் லெவல்

காலேஜிலிருந்து ஆட்டோ லெவல் எடுத்துக்கொண்டு போக யாரும் விட மாட்டார்கள். ஊரில் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல் போதும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. ரெண்டு முனையையும் ரெண்டு குச்சியில் கட்டி நிறுத்தினால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ரெண்டு குச்சியிலும் தரையிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு என்று டேப்பில் பார்த்துக் கழித்தால் அந்தப் பத்து மீட்டருக்கான இறக்கம் கிடைத்துவிடும். நானும் சித்தப்பா பையனும் ஒரு காலை முழுக்கக் குச்சியை நட்டுப் பிடுங்கி நட்டோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் டேப்பைப் படிக்கக் கண் கூசும்.

எங்கள் நிலம் வடக்கிலிருந்து தெற்கே 180 மீட்டர் நீளம், கிழக்கு மேற்காக 90 மீட்டர் அகலம். வடக்கிலிருந்து தெற்கே நூற்றுக்கு ஒன்று சரிவு. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, மேற்கிலிருந்து கிழக்கேயும் ஒரு பதினைந்து சென்டிமீட்டர் இறங்குகிறது என்பது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆக, தண்ணீர் தென்கிழக்கு மூலைக்குப் போய், அங்கிருந்து ஓடையில் இறங்கிவிடுகிறது. குட்டை எங்கே இருக்கிறது? மேற்கே, ரோட்டோரம், நிலத்தின் நடுப்பகுதியில். ஏன் அங்கே? பொக்லைன் ரோட்டிலிருந்து இறங்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். பள்ளம் எந்தப் பக்கம் என்று வெட்டியவரும் பார்க்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அதாவது நான் 'நீர்பிடிப்புப் பரப்பு' என்று எடுத்துக்கொண்ட நாலு ஏக்கரில் குட்டைப் பக்கம் சாய்வது அரை ஏக்கர்கூட இருக்காது. அரை ஏக்கருக்கு 60 மி.மீ. மழையில் 52 கன மீட்டர்தான். அந்த 52ஆவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. வெட்டின மண்ணைக் குட்டையைச் சுற்றி நாலு பக்கமும் கரையாகக் குவித்துவிட்டார்கள். வரத்து வாய் என்று ஒன்று விடவே இல்லை. பெய்த மழையில் குட்டைக்குள் நேராக விழுந்தது மட்டும்தான் நின்றிருக்கிறது. பெரியப்பா சொன்ன கணுக்கால் தண்ணீர் அதுதான். இன்னும் ஆறடி இறக்கியிருந்தால் அதே தண்ணீர் ஆறடி கீழே போய் நின்றிருக்கும்.

பதிமூணு மார்க் கேள்வியில் 'நீர்பிடிப்புப் பரப்பு இத்தனை ஹெக்டேர்' என்று முதல் வரியிலேயே கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் கஷ்டமே அந்த முதல் வரிதான்.

வரப்பா, குட்டையா?

சரி, என்ன செய்வது? குட்டையை நகர்த்த முடியாது. குட்டைக்கு மேலே இருக்கிற பாதி நிலத்தின் தண்ணீரை அதன் பக்கம் திருப்பலாம். கிழக்கு ஓரத்தில் ஒரு 35 மீட்டர் வடக்கே தள்ளி ஆரம்பித்து, குறுக்காக, குட்டை வாய்க்கு வந்து சேர்கிற மாதிரி ஒரு சாய்வரப்பு. 35 மீட்டர் மேலே போனால் 35 செ.மீ. உயரம் கிடைக்கிறது. கிழக்குச் சாய்வு 15 செ.மீ.யைத் தின்றுவிடும். மிச்சம் 20 செ.மீ. வாட்டம். நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு அது போதும், மண்ணை அரிக்காமல் மெதுவாக வரும். இப்படிச் செய்தால் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் தண்ணீர் குட்டைக்கு வரும். 86ஆம் எண்ணுக்கு, 60 மி.மீ. மழையில், 155 கன மீட்டர்.

கீழ்ப்பாதி நிலத்துத் தண்ணீர் எப்படியும் குட்டைக்கு ஏறாது. அங்கே குறுக்கு வரப்புகளை ஒழுங்காகப் போட்டு, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் வழி. நல்ல வரப்பு போட்ட பி வகை மண்ணுக்குக் கர்வ் நம்பர் 69. அதே 60 மி.மீ. மழைக்கு ஓட்டம் 4.8 மி.மீ. மட்டும். 30 மி.மீ. மழைக்குப் பூஜ்யம். வரப்பு இல்லாவிட்டால் அதே 30க்கு 5 மி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும், மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. வரப்பும் குட்டையும் ஒன்றுக்கொன்று எதிரி. வரப்பு நன்றாக வேலை செய்தால் குட்டைக்குத் தண்ணீர் வராது. குட்டைக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் மேலே நிலம் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும். ரெண்டுமே 'நீர்வள, மண்வளப் பாதுகாப்பு' என்ற ஒரே தலைப்பில் வருகிற வேலைகள்தான், ஆனால் ஒரே துண்டு நிலத்தில் ரெண்டையும் போட்டால் ஒன்று சும்மா கிடக்கும். குட்டை வெட்டுவதற்கு முன் யாராவது வயலுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

மேல் ஒன்றரை ஏக்கரை நேர்ச்சாலாகவே விடலாம் என்பது என் யோசனை, 155 கன மீட்டருக்காக. பெரியப்பாவிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். சரிவுக்குக் குறுக்கே உழுதால் எண் 75 ஆகும், ஓட்டம் 10 மி.மீ., குட்டைக்கு வெறும் 61 கன மீட்டர். பாதிகூட இல்லை. அவர் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இந்தத் தண்ணியோட மேல்மண்ணும் சேந்துதான வரும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப குறுக்க உழுதுருவோம். தண்ணி அடுத்த மழைக்கும் வரும்ப்பா. தாத்தா காலத்து மண்ணு ஒருக்கா குட்டைக்குள்ள போச்சுன்னா நான் சட்டில அள்ளி அள்ளித்தான் மேல போடணும்."

கணக்கு என்னுடையது, நிலம் அவருடையது. யூ.எஸ்.எல்.இ.யைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உதவி எங்கே கிடைக்கும், ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை

இவ்வளவும் படித்துவிட்டு, இதற்கெல்லாம் அரசாங்கத்தில் ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலை வேளாண் பொறியியல் துறையுடையது. வருவாய்க் கோட்ட அளவில் உதவி செயற்பொறியாளர் அலுவலகம் இருக்கும். பண்ணைக்குட்டை, வரப்பு, தடுப்பணை, வாடகைக்கு இயந்திரம் எல்லாம் அங்கே. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். ரெண்டரை ஏக்கர் வரை குறு, அஞ்சு ஏக்கர் வரை சிறு. அந்தச் சான்றை வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். கண்மாய் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்து வயலில் போட விண்ணப்பிப்பதும் அவரிடம்தான். எது எதற்கு மானியம் இருக்கிறது என்று உழவன் செயலியிலேயே பார்த்துப் பதிவு செய்யலாம். மண், பயிர் சந்தேகத்துக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டிலேயே முதல் நிலையம் 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் ஆரம்பித்தது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ். மண் பாதுகாப்புக்கென்றே உதகமண்டலத்தில் 1954இலிருந்து ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை.

பெரியப்பா குட்டை வெட்டுவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் கேட்டார்கள். பட்டாவை எடுத்துக் காட்டியதும் அங்கேயே நின்றுவிட்டது. பட்டா இன்னும் தாத்தா பேரில். தாத்தா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. வாரிசுகள் பெரியப்பா, எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை என நாலு பேர். பாகப்பிரிவினை எழுதி, உட்பிரிவு செய்து, பெரியப்பா பேருக்கு அவர் பங்கு வந்தால்தான் அவர் விண்ணப்பிக்க முடியும். அலுவலகத்தில் சொன்னது நியாயம்தான். யார் நிலம் என்று தெரியாமல் யாருக்கு மானியம் கொடுப்பது?

அதற்கு ரெண்டு பேர் கையெழுத்து போட்டுவிட்டார்கள். போடாமல் மூணு வருஷம் இழுத்தவர் எங்கள் அப்பா. சண்டை எல்லாம் இல்லை. "அடுத்த தடவை லீவு போட்டு வர்றேன்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். திருப்பூரில் வேலை, சனிக்கிழமைகூட லீவு இல்லை. அந்தக் கையெழுத்து இருந்திருந்தால் பொறியாளர் ஒருவர் நிலத்துக்கு வந்து மட்டம் பார்த்திருப்பார், குட்டை ரோட்டோரத்தில் வந்திருக்காது, வளையலும் பேங்குக்குப் போயிருக்காது. பெரியப்பா இதை ஒருநாளும் அப்பாவிடம் சொன்னதில்லை. எனக்குச் சொன்னது பெரியம்மா.

உங்களில் யாருக்காவது ஊரில் நிலம் இருந்தால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். வருவாய்த் துறையின் இணைய சேவைப் பக்கத்தில் புல எண்ணைப் போட்டு, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலை, ஹாஸ்டலில் உட்கார்ந்தே செய்யலாம். கூட்டுப் பட்டாவாகவோ இறந்தவர் பேரிலோ இருந்தால், நான் மேலே சொன்ன எந்த மானியத்துக்கும் உங்கள் வீட்டுக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

அந்த மழைக்காலம்

ஆவணியில் சாய்வரப்பு போட்டோம். பொக்லைன் இல்லை, நாலு ஆள் மண்வெட்டியோடு ரெண்டு நாள். கரையில் மேற்கொண்டு செய்தது இவ்வளவுதான்: வரப்பு வந்து சேர்கிற இடத்தில் கரையை உடைத்து ஒரு வாய், அது அரிக்காமல் இருக்க உடைகல் பாவினது, அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி. எதிர்ப்பக்கம், வாயைவிட ஒரு சாண் கீழே, நிறைந்தால் வெளியே போக ஒரு கலிங்கு. கலிங்கு தேவையே படாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது இல்லாமல் ஒரு குட்டையை விட எனக்கு மனசு வரவில்லை. கரையோரம் ஒரு மீட்டர் இடம் விட்டு மண்ணைத் தள்ளி வைத்தோம், மழைக்கு மறுபடியும் உள்ளே சரியாமல் இருக்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்பதால் முள்வேலி. இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

குட்டை நிறையவில்லை. மார்கழிக் கடைசியில் முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே தண்ணீர் நின்றது. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். செம்மண்ணில் இறங்கிப் போவதை என் கணக்கில் சேர்க்கவே இல்லை, ஆவியாவதை மட்டும் ஒரு நாளைக்கு அஞ்சு மி.மீ. என்று போட்டிருந்தேன். அடுத்த தடவை குட்டையில் ஒரு அளவுகோல் நட்டு, மழை இல்லாத நாட்களில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து மி.மீ. போக மிச்சம் எல்லாம் கசிவு.

தை மூணாவது வாரம் ஆயில் இன்ஜின் வைத்து அரை ஏக்கர் மிளகாய்க்கு ஒரு தண்ணீர் பாய்ச்சினார் பெரியப்பா. அந்த அரை ஏக்கர் காய்த்தது. மற்ற இடத்தில் கீழ்ப்பாதியில், வரப்பு போட்ட பக்கம், செடி பத்து நாள் கழித்துத்தான் வாடியது என்று போனில் சொன்னார். அதை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று குரலில் எனக்குப் பிடிபடவில்லை. வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, ஆனால் மிச்ச நகை வீட்டில் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்து போட்டார். உட்பிரிவு மனு கொடுத்தாயிற்று, சர்வேயர் அளக்க வருகிற தேதிக்குக் காத்திருக்கிறோம். அவர் வருகிற அன்றைக்கு எனக்கு ப்ராஜெக்ட் ரிவியூ வராமல் இருக்க வேண்டும். டியூப் லெவலில் நான் எடுத்த அளவெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது, அதை அவரிடம் காட்டி எங்கெங்கே தப்பு என்று கேட்க வேண்டும்.